நாயனத்தின் பின்னே: சிதம்பரத்திலிருந்து திருவையாறு வரை

ஜனவரி 12, 2025 – சிதம்பரம்

மார்கழித் திருவாதிரையும், தியாகராஜ ஆராதனை நடக்கும் புஷ்ய பகுள பஞ்சமித் திதியும் ஒரே வாரத்துக்குள் அமைவது எல்லா ஆண்டும் வாய்ப்பதில்லை. திருவாதிரை மார்கழியின் முற்பகுதியில் வந்துவிட்டால், தியாகராஜ ஆராதனைக்கு ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். இந்த ஆண்டு சிதம்பரத்தில் தேர் இன்று, தரிசனம் நாளை, திருவையாற்றில் ஆராதனை 18-ஆம் தேதி. இடையில் கிடைக்கும் நாட்களில் காவிரிக் கரையில் நாதஸ்வரம் வளர்ந்த ஊர்கள் சிலவற்றையும் பார்த்துவிடலாம் என்று பல காலமாக மனத்தில் இருந்த பயணத்தை இப்போது தொடங்கியிருக்கிறேன். ஒவ்வொரு நாள் இரவும் அன்றன்று கேட்டதையும் கண்டதையும் எழுதுவதாக எண்ணம்.

நான் வாய்ப்பாட்டுக் கச்சேரிகளையும் வீணையையும் விரும்பிக் கேட்பவன்தான் என்றாலும், என்னை வீட்டைவிட்டு வெளியே இழுத்து ஊர் ஊராகப் போகவைத்தது நாயனம் என்று நாங்கள் சொல்லும் நாதஸ்வரமும் தவிலும் மட்டுமே. திருச்சி வானொலியில் அதிகாலையில் ஒலித்த மங்கள இசையில் தொடங்கிய பற்று அது. நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனையும் ஷேக் சின்ன மௌலானாவையும் அந்த வானொலிப் பெட்டியில்தான் முதலில் தெரிந்துகொண்டேன். பின்னாளில் சபாக்களில் குளிர்சாதன அறையில் அமர்ந்து நல்ல நாதஸ்வரக் கச்சேரிகள் பலவற்றைக் கேட்டிருக்கிறேன். ஆனால் இந்த வாத்தியத்தை முழுமையாக அறிய வேண்டுமானால் அதன் பின்னே நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்குச் சிதம்பரத்தைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியவில்லை.

விடியலுக்கு வெகுநேரம் முன்பே கோயிலுக்குள் போய்விட்டேன். மூலவரே உற்சவராகத் தேரேறும் தலம் என்பதால், கருவறையான சித்சபையிலிருந்து நடராசர் வெளியே வரும் அந்தப் பொழுதுக்காகப் பிரகாரம் முழுவதும் மக்கள் நெருக்கி நின்றார்கள். மேளக்காரர்கள் முன்னதாகவே வந்து ஒருபுறமாக நின்றிருந்தார்கள். நாயனத்தோடு ஒரு நூலில் கோத்துத் தொங்கும் சீவாளிகளில், அதாவது வாயில் வைத்து ஊதும் தட்டைத் துண்டுகளில், ஒன்றை எடுத்து உதட்டில் ஈரப்படுத்தி, மெல்ல ஊதிப் பார்த்து, சரியில்லை என்று கழற்றி, அடுத்ததைப் பொருத்தினார் மூத்த நாயனக்காரர். மூன்றாவது சீவாளியில்தான் அவர் முகம் தெளிந்தது. பக்கத்தில் நின்ற தவில்காரர், துணியும் பசையும் கொண்டு இறுக்கிச் செய்த கூடுகளை வலக்கை விரல்களில் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு, தவிலின் வலப்பக்கமான வலந்தலையின் ஓரத்தில் ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். அந்த ஒற்றைத் தட்டுக்கே என் அருகில் நின்ற பெரியவர் ஒருவர் தலையசைத்தார்.

முதலில் தவில்கள் அலாரிப்பு என்னும் தொடக்க வாசிப்பை எடுத்தன. அதன் முடிவில், ஒரு கணமும் இடைவெளி இல்லாமல், கம்பீர நாட்டையில் மல்லாரி எழுந்தது. மல்லாரிக்குச் சாகித்தியம், அதாவது பாடல் வரிகள், கிடையாது. சுரமும் தாளமும் மட்டுமே உண்டு. ஒரே அமைப்பை மெதுவான விளம்பத்திலும் நடுத்தரமான மத்திமத்திலும் வேகமான துரிதத்திலும் வாசித்து, மும்மூன்றாகப் பிரியும் திசிர நடைக்கும் கொண்டுபோய், மீண்டும் முதல் காலத்துக்கு வந்து சேர்வார்கள். தீர்த்த மல்லாரி, தளிகை மல்லாரி, தேர் மல்லாரி என்று ஒவ்வொரு வேளைக்கும் ஒவ்வொன்று உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே, இப்போது திருமஞ்சனத்துக்குத் தண்ணீர் வருகிறதா, நைவேத்தியம் வருகிறதா, சுவாமியே புறப்படுகிறாரா என்று பழகிய காதுகளுக்குத் தெரிந்துவிடும். இசையை வைத்தே கோயிலின் அன்றாடத்தை நடத்திய ஒரு மரபு இன்னும் நம் கண்முன்னே இயங்குகிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

கல் தூண்களுக்கும் கல் கூரைக்கும் இடையில் அந்த ஒலி தங்கிச் சுழல்கிறது. கோபுர வாசலைத் தாண்டியதும் ஒலி திறந்த வெளியில் விரிந்து, நாயனத்தின் முனை சற்று மென்மையாகிறது. வாசிப்பவருக்கு இது நன்றாகத் தெரியும். உள்ளே குறுகிய சங்கதிகளாக நறுக்கி வாசித்தவர், வெளியே வந்ததும் சுரத்தை நிறுத்திப் பிடிக்கும் கார்வைகளை நீட்டத் தொடங்கினார். ஒலிப்பதிவில் எவ்வளவு கேட்டாலும் இந்த வேறுபாடு பிடிபடாது.

கீழவீதியில் விநாயகர், முருகன், நடராசர், சிவகாமி அம்மன், சண்டிகேசுவரர் என ஐந்து தேர்களும் நின்றன. வெயில் ஏறியபின் தேர்கள் நகரத் தொடங்கின. மல்லாரி ஓய்ந்து ராக ஆலாபனை வந்தது. தேர் நின்றால் ராகம் அங்கேயே நின்று விரிகிறது; தேர் நகர்ந்தால் ராகமும் நகர்கிறது. முட்டுக்கட்டை போடுவதற்காகத் தேர் நின்ற ஓர் இடத்தில், காம்போதியின் மேல் பஞ்சமத்தைத் தொட்டுவிட்டு இறங்க வேண்டியவர், தேர் கிளம்பத் தாமதமாகிறது என்று கண்டதும் மறுபடியும் தைவதத்துக்கு வந்து அங்கிருந்தே புதிதாக ஒரு வழியைத் திறந்தார். மணிக்கணக்கில் ஒரே ராகத்தை வாசிக்கும் ஆற்றல் நாதஸ்வரக்காரர்களுக்கு எப்படி வந்தது என்று வியப்பவர்கள், இந்த நான்கு வீதிகளையும் ஒருமுறை சுற்றி வந்தால் போதும். வீதியின் நீளமே ஆலாபனையின் நீளத்தை வளர்த்திருக்கிறது. வடம் பிடிப்பவர்களின் கூச்சலையும் கூட்டத்தின் இரைச்சலையும் மீறி ஒலிக்க வேண்டியிருந்ததால்தான் இந்த வாத்தியம் இவ்வளவு பெருங்குரல் கொண்டதாக அமைந்தது. மேடைக்காக எழுந்த வாத்தியம் அல்ல இது.

தெற்குவீதியில் ஒரு கடை வாசலில் பெரிய ஒலிபெருக்கி வைத்துப் பக்திப் பாடல்களை ஓடவிட்டிருந்தார்கள். அதைக் கடந்து போகும்வரை நாயனம் கேட்கவில்லை. தேர் நாளில் மேளம் வரும் நேரத்திலாவது அதை நிறுத்தி வைத்தால், வீதியில் நிற்கும் குழந்தைகளுக்குக் காம்போதியின் நிழலாவது விழும்.

ஜனவரி 13 – சிதம்பரம்

இன்று போகி. நேற்றிரவு தேரிலிருந்து இறங்கிய நடராசரும் சிவகாமியும் ஆயிரங்கால் மண்டபமாகிய ராஜசபையில் எழுந்தருளியிருந்தார்கள். விடியற்காலையில் மகாபிஷேகம் நடந்தது. பிற்பகலில் தரிசனம்.

தரிசனம் என்பது மூர்த்திகள் ராஜசபையிலிருந்து சித்சபைக்குத் திரும்பும் காட்சியைக் குறிக்கும். நேராகத் திரும்புவதில்லை, தோளில் சுமந்து வருபவர்கள் முன்னும் பின்னுமாக அசைந்து, நடராசரும் அம்மனும் மாறி மாறி ஆடி வருவதுபோல் நடத்துகிறார்கள். அந்த அசைவுக்குத் தாளம் கொடுப்பது தவில். கோர்வை என்னும் தாளக் கணக்கு ஒன்று முடியும் இடத்தில் சுவாமி முன்னே வர, அடுத்த கோர்வையில் பின்னே போக, கூட்டம் ஒரே குரலில் ஆர்ப்பரிக்கிறது. தவில் வாசிப்பின் கணக்கை மேடையில் கேட்டு, விரல்விட்டு எண்ணிப் பழகிய எனக்கு, அதே கணக்கு ஒரு திருமேனியின் நகர்வாகக் கண்முன் நிகழ்வது வேறோர் அனுபவம். திருவாதிரைக் களியை ஒரு தொன்னையில் வாங்கிக்கொண்டு இரவு விடுதிக்குத் திரும்பினேன். இன்றைக்கு இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. நேற்று நடந்த கால்களுக்கு ஓய்வு வேண்டும்.

ஜனவரி 14 – செம்பனார்கோயில், மயிலாடுதுறை

பொங்கல் நாள். பேருந்துகளில் கூட்டம் குறைவு. சீர்காழி, வைத்தீசுவரன்கோயில் வழியாக மயிலாடுதுறை வந்து, அங்கிருந்து தரங்கம்பாடி செல்லும் சாலையில் செம்பனார்கோயிலுக்குப் போனேன். இரு பக்கமும் சம்பா கதிர்கள் தலைசாய்ந்து நின்றன. வாசல்தோறும் புதுப்பானைக்கு மஞ்சள் கொத்து கட்டியிருந்தார்கள்.

நாதஸ்வர ரசிகனுக்கு இந்தப் பகுதியில் பேருந்தில் போவதே ஒரு தனி மகிழ்ச்சி. முன்கண்ணாடியில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர்களைப் படித்தாலே, அந்தந்த ஊரைத் தம் பெயருக்கு முன்னே வைத்துக்கொண்ட கலைஞர்களின் முகங்கள் தோன்றுகின்றன. திருவெண்காடு என்றால் சுப்பிரமணிய பிள்ளை. திருவிடைமருதூர் என்றால் வீருசாமி பிள்ளை. குளிக்கரை என்றால் பிச்சையப்பா. நீடாமங்கலம் என்றதும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவில். நாச்சியார்கோயில் என்றதும் ராகவப் பிள்ளையின் தவில். வலங்கைமான் என்றால் சண்முகசுந்தரம். அரித்துவாரமங்கலம் என்றால் பழனிவேல். இவற்றில் சில மிகச் சிறிய ஊர்கள். ஒரு நூற்றாண்டுக் காலத்துக்குள், ஓரிரு நாள் மாட்டுவண்டிப் பயணத் தொலைவுக்குள், இத்தனை பேர் ஒருவரையொருவர் கேட்டும் போட்டியிட்டும் வளர்ந்திருக்கிறார்கள். கோயில்களும் மடங்களும் பெரிய மிராசுதார்களும் அருகருகே இருந்ததால் ஆண்டு முழுவதும் திருவிழாவும் திருமணமும் இருந்தன. வாசிக்க வாய்ப்பு இருந்தது. அதைவிட முக்கியமாக, இரவெல்லாம் கண்விழித்துக் கேட்கத் தெரிந்த மக்கள் இருந்தார்கள்.

செம்பனார்கோயிலுக்கு நான் போனது ரக்திக்காக. அந்த ஊர்ப் பரம்பரையில் வந்த எஸ்.ஆர்.ஜி. சம்பந்தம், எஸ்.ஆர்.ஜி. ராஜண்ணா சகோதரர்களின் ரக்தி மேளம் புகழ்பெற்றது. ரக்தியும் மல்லாரியைப் போலவே சொல் இல்லாதது; நாயனமும் தவிலும் சேர்ந்த பெரிய மேளத்துக்கே உரியது; வாய்ப்பாட்டுக் கச்சேரியில் அதற்கு இணையான உருப்படி இல்லை. குறிப்பிட்ட ஒரு தாளக்கட்டுக்குள் ராகத்தை நிறுத்தி, படிப்படியாகக் காலத்தை மாற்றிக்கொண்டே போவார்கள். நாயனம் எங்கே ராகமாக ஓடுகிறது, எங்கே தாளமாக நிற்கிறது என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டும் பின்னிக்கொள்ளும். இளம் வயதில் ஒரு கும்பாபிஷேகத்தின் இரவு ஊர்வலத்தில் ரக்தி கேட்டபோது, அது எந்த இடத்தில் தொடங்கியது என்பதே எனக்குத் தெரியவில்லை. முடிந்தபோது தெருவில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டதை மட்டும் இன்றும் உணர முடிகிறது. இன்று ரக்தியை முழுமையாக வாசிக்கும் குழுக்கள் மிகவும் குறைவு. ஊர்வலம் சுருங்கியதுதான் காரணம். சுவாமி புறப்பாடு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்போது, ரக்திக்கு இடம் எங்கே இருக்கும்?

சுவர்ணபுரீசுவரர் கோயிலில் பொங்கல் வழிபாட்டுக்கு ஒரு நாயனமும் ஒரு தவிலும் இருந்தன. இளைஞர்கள் இருவரும் பூபாளத்தைச் சிறிதளவும் பிசகாமல் வாசித்தார்கள். கேட்டுவிட்டு மயிலாடுதுறைக்குத் திரும்பினேன்.

ஜனவரி 15 – திருவாவடுதுறை

நரசிங்கம்பேட்டை ரயில் நிலையத்தில் இறங்கினால் திருவாவடுதுறை பக்கத்தில்தான். மாட்டுப் பொங்கல் என்பதால் கொம்புக்கு வண்ணம் பூசிய மாடுகள் சாலையை நிறைத்திருந்தன. கோமுத்தீசுவரர் கோயிலையும் ஆதீன மடத்தையும் பார்த்துவிட்டு, ஊரின் தெருக்களில் வெகுநேரம் நடந்தேன். நாதஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை நடந்த தெருக்கள் இவை என்பதைத் தவிர அங்கே நடக்க எனக்கு வேறு காரணம் இல்லை.

1898-இல் திருமருகலில் பிறந்து, தாய்மாமனான திருமருகல் நடேச பிள்ளையின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு, திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக விளங்கி, 1956-இல் மறைந்தவர் அவர். அவரை நேரில் கேட்கும் பேறு என் தலைமுறைக்கு இல்லை. எங்களுக்குக் கிடைத்தவை இசைத்தட்டுகளும் வானொலிப் பதிவுகளும், பெரியவர்கள் சொன்ன நினைவுகளும்தான். அவற்றுள் தோடியை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. ஒரே காந்தாரத்தை அவர் பிடித்து நிறுத்தும்போது, அந்தச் சுரத்துக்குள்ளேயே ஏற்ற இறக்கங்கள் இருப்பது தெரிகிறது. நாக்கால் தட்டிப் பிரிக்கும் துத்துக்காரம் இல்லாமல் வில்லிழுத்ததுபோல் நீளும் வாசிப்பு, திடீரென்று சிதறும் பிருகாக்கள் என்னும் அதிவேகச் சுரத் தொடர்கள், மூச்சை எங்கே எடுத்தார் என்றே கண்டுபிடிக்க முடியாத தொடர்ச்சி. வாய்ப்பாட்டுக்காரர்களும் அவருடைய ஆலாபனை முறையைத் தம் பாட்டுக்குள் கொண்டுவர முயன்றார்கள் என்பது இசை உலகம் அறிந்த செய்தி.

நாயனக்காரர் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும், சட்டை அணியக் கூடாது, துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும் என்று இருந்த காலம் அது. ராஜரத்தினம் கிராப்பு வைத்துக்கொண்டார், ஷெர்வானி அணிந்தார், மேடையில் அமர்ந்து வாசித்தார், சுருதிக்காக ஊதும் ஒத்துக் குழலுக்குப் பதிலாகச் சுருதிப் பெட்டியையும் தம்புராவையும் கொண்டுவந்தார். இவற்றை ஒரு மேதையின் செல்லப் பிடிவாதங்களாகச் சொல்லிச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாட்டுக்காரருக்கும் வயலின்காரருக்கும் இயல்பாகக் கிடைத்த மதிப்பு, அதே ராகத்தை அவர்களைவிட விரிவாக வாசித்த ஒருவருக்கு மறுக்கப்பட்டது. அவர் அதைக் கேட்டு வாங்கினார். இன்று எந்த நாயனக்காரரும் சட்டை அணிந்து மேடையில் அமர்கிறார் என்றால், அந்த இருக்கைக்குப் பின்னே ராஜரத்தினம் நிற்கிறார்.

அவருடைய சீடர்களுள் என் மனத்துக்கு மிக நெருங்கியவர் காருகுறிச்சி அருணாசலம். நெல்லைச் சீமையிலிருந்து வந்து குருவின் பக்கத்தில் நின்று வாசித்துக் கற்றவர். 1964-இல் மறைந்துவிட்டார். குருவின் வாசிப்பில் இருந்த வேகமும் வீம்பும் இவரிடம் கனிந்து இனிமையாகியிருக்கும். 1962-இல் வெளிவந்த கொஞ்சும் சலங்கை படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு ஆபேரியில் அவருடைய நாயனம் ஓடியது, நாதஸ்வரக் கச்சேரி பக்கமே போகாத வீடுகளிலும் இந்த வாத்தியத்தைக் கொண்டு சேர்த்தது. பலர் அவரை அந்த ஒரு பாட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். அவருடைய ராக ஆலாபனைப் பதிவுகளைத் தேடிக் கேட்க வேண்டும்; கீழ்ஸ்தாயியில் அவர் செய்யும் சஞ்சாரங்களை அவ்வளவு நிதானமாக வேறெவரிடமும் நான் கேட்டதில்லை.

மாலையில் கோயில் வாசலில் ஒரு முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் சிறுவனாக இருந்தபோது, ஆதீனத்தின் தை மாதக் குருபூஜையின் பட்டினப்பிரவேசப் பல்லக்கு ஊர்வலத்தில் ராஜரத்தினத்தைக் கேட்டதாகச் சொன்னார். "என்ன ராகம் ஐயா?" என்று கேட்டேன். "ராகமெல்லாம் அப்ப எனக்கு என்னங்க தெரியும்? பல்லக்கு எங்க வீட்டு வாசலத் தாண்டிப் போயி தெரு முனை திரும்பிருச்சு. சத்தம் மட்டும் வாசல்லயே நின்னுச்சு. அம்மா உள்ள கூப்பிட்டாங்க, நான் போகல" என்றார்.

ஜனவரி 16 – நரசிங்கம்பேட்டை

இந்தப் பயணத்தில் நான் மிகவும் எதிர்பார்த்திருந்த நாள் இது. காணும் பொங்கலாக இருந்தும், தை முகூர்த்தங்களுக்கு முன்னே முடித்துக் கொடுக்க வேண்டிய வேலை இருந்ததால், நாதஸ்வரம் செய்யும் பட்டறை ஒன்று அரை நாள் திறந்திருந்தது. பெரியவர் ஒருவரும் அவருடைய மகனும் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

நாயனத்தின் உடல் ஆச்சா மரத்தால் ஆனது. புதிதாக வெட்டிய மரம் இதற்கு உதவாது. பல பத்தாண்டுகள் உலர்ந்து முற்றிய மரம் வேண்டும் என்பதால், பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்திரங்களையும் தூண்களையும் தேடி வாங்குகிறார்கள். பட்டறை மூலையில் அப்படிப்பட்ட உத்திரத் துண்டுகள் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. ஒன்றில் பழைய ஆணியின் துரு வட்டம் இன்னும் இருந்தது. அதை அளவாக அறுத்து, கடைசல் இயந்திரத்தில் கொடுத்து, மேலே குறுகியும் கீழே அகன்றும் கடைந்து, நடுவே துளையிடுகிறார்கள். வெளிவடிவத்தைக் கற்றுக்கொள்வது எளிது என்றும், உள்துளையின் சரிவுதான் வாத்தியத்தின் உயிர் என்றும் பெரியவர் சொன்னார். நீண்ட துளையூசியை அவர் உள்ளே செலுத்தி ஒரு சுற்றுச் சுற்றி வெளியே எடுத்து, அதில் ஒட்டிவந்த மரத்தூளை விரலால் தேய்த்துப் பார்த்தார். தூளின் நேர்த்தியைக் கொண்டே உள்ளே எவ்வளவு மழமழப்பாகியிருக்கிறது என்று அவர் அறிந்துகொள்வதைக் கண்டேன்.

வாசிப்பதற்கு ஏழு துளைகள். அவற்றுக்குக் கீழே இன்னும் ஐந்து துளைகள் உண்டு. அவற்றை விரலால் மூடுவதில்லை. வாசிப்பவர் தேவைக்கேற்ப அவற்றில் மெழுகை அடைத்துச் சுருதியைத் திருத்திக்கொள்வார். கீழே அணைசு என்னும் விரிந்த வாய்ப்பகுதி பொருத்தப்படுகிறது. மேலே கெண்டை என்னும் சிறிய உலோகக் குழாய், அதன்மேல் சீவாளி. காவிரிக் கரையில் வளரும் கொறுக்கைத் தட்டையைப் பக்குவப்படுத்திச் சீவாளி செய்கிறார்கள். மரம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் சீவாளி சரியில்லை என்றால் கச்சேரி இல்லை.

இப்போது நாம் எங்கும் கேட்பது பாரி நாயனம். அதற்கு முன் புழக்கத்தில் இருந்தது திமிரி. அது குட்டையானது, சுருதி உயர்ந்தது, ஊர் எல்லைவரை கேட்பது. ஆனால் திமிரியில் சுத்த மத்தியமம் இயல்பாக வராது. காற்றை அடக்கி உதட்டின் அழுத்தத்தால் அதை வரவழைக்க வேண்டும். ராஜரத்தினம் பிள்ளையின் வேண்டுகோளுக்கிணங்க, இந்த ஊரின் ரங்கநாத ஆசாரி பல சோதனைகளுக்குப் பின் நீளத்தைக் கூட்டி, துளைகளின் இடத்தை மாற்றி, சுத்த மத்தியமம் தானாகவே சரியாக விழும் பாரி நாயனத்தை உருவாக்கினார். தோடி சுத்த மத்தியம ராகம். அந்தச் சுரத்தோடு ஒவ்வொரு முறையும் போராட வேண்டியிருந்த வாத்தியத்தில், நாம் இசைத்தட்டில் கேட்கும் அந்தத் தோடி இத்தனை நிம்மதியாக உட்கார்ந்திருக்காது. ராஜரத்தினத்தின் பெயரைச் சொல்லும் இடமெல்லாம் ரங்கநாத ஆசாரியின் பெயரையும் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இந்த ஊரின் நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியதால் நாயனம் வயலினோடும் குரலோடும் நெருங்கியது. சபாக்களின் கதவும் திறந்தது. அதே மாற்றத்தால் திமிரியின் ஊரெல்லைக் குரல் மறைந்தது. பெரியவரிடம் இதைச் சொன்னபோது, தம் தகப்பனார் செய்த ஒரு திமிரியை உள்ளேயிருந்து எடுத்து வந்தார். மகன் அதில் நான்கு சுரங்கள் ஊதினார். எதிர்வீட்டுத் திண்ணையில் உறங்கியவர் எழுந்து உட்கார்ந்தார்.

"இதை இப்ப யாராவது கேட்டு வர்றாங்களா அண்ணே?"

"வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு பேர் வர்றாங்க தம்பி. கோயில்ல பழைய முறைப்படி வாசிக்கணும்னு சொல்றவங்க. பாரிக்குத்தான் வேலை. அதுவும் கல்யாணத்துல செண்டை மேளமும் பேண்டும் வந்தப்புறம் கொறஞ்சுதான் போச்சு. ஆனா படிக்கிற பசங்க இப்ப நெறைய வர்றாங்க, இசைக் கல்லூரிலேர்ந்து" என்றார்.

ஜனவரி 17 – கும்பகோணம்

ஆதி கும்பேசுவரர் கோயிலில் உள்ள கல் நாதஸ்வரத்தைப் பார்த்தேன். மரத்துக்குப் பதிலாகக் கருங்கல்லில் இவ்வளவு துல்லியமான துளையை இட்ட சிற்பியை வணங்கத் தோன்றியது. அதன் எடையைக் கைகளில் தாங்கிக்கொண்டு வாசிப்பது எளிதன்று. இன்று அது ஒலிக்கவில்லை.

பிற்பகல் ஓய்வாக இருந்ததால், பல ஆண்டுகளாகக் கேட்ட குழுக்களைப் பற்றி எண்ணிக்கொண்டு மகாமகக் குளக்கரையில் உட்கார்ந்திருந்தேன். சின்ன மௌலானா ஆந்திரத்திலிருந்து வந்து திருவரங்கத்தைத் தம் ஊராக்கிக்கொண்டவர். அரங்கன் வீதியில் நின்று அவர் வாசித்த கரகரப்பிரியாவில், நாயனத்தின் பெருங்குரலுக்குள் இவ்வளவு பணிவு இருக்க முடியுமா என்று தோன்றியது. அவருடைய பேரர்கள் காசிம், பாபு இருவரும், அவரிடம் கற்ற ஷேக் மகபூப் சுபானி, காலிஷாபி மகபூப் தம்பதியும் அந்தப் பாணியை அதன் நிதானத்தோடு காப்பாற்றி வருகிறார்கள். அத்தம்பதிக்கு 2020-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டபோது எங்கள் ரசிகர் வட்டத்தில் எல்லோருக்கும் நானே இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

தவிலைத் தனியாகக் கேட்க வேண்டும் என்ற எண்ணத்தை என் தலைமுறைக்கு ஊட்டியவர்கள் வலையப்பட்டி சுப்பிரமணியமும் அரித்துவாரமங்கலம் பழனிவேலும். குன்னக்குடி வைத்தியநாதனின் வயலினோடு வலையப்பட்டியின் தவில் சேர்ந்த கச்சேரிகளுக்குத் திருவிழாக் கூட்டம் வரும். மென்மையான வயலினுக்குத் தவிலா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. ஆனால் தவிலின் இடப்பக்கமான தொப்பியில் கழியை அவர் அமர்த்தி வைக்கும் இடங்களைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். பலாமரக் கட்டையும் எருமைத்தோலும் கொண்டு முணுமுணுக்கவும் முடியும் என்று அவர் காட்டினார். யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தியின் தவிலைப் பதிவுகளில் மட்டுமே கேட்டிருக்கிறேன். காவிரிக் கரையின் கலைஞர்கள் யாழ்ப்பாணக் கோயில்களுக்குப் போய் வாசித்ததும், அங்கிருந்து வந்த தவில் இங்குள்ள மேதைகளை வியக்கவைத்ததும் ஒரு தனிப் பயணத்துக்கு உரிய செய்தி.

இரவு கபிஸ்தலம் வழியாகத் திருவையாறு வந்து சேர்ந்தேன். பந்தலில் கச்சேரிகள் நடந்துகொண்டிருந்தன. ஒருவருக்குச் சில நிமிடங்களே கிடைத்தாலும், அங்கே பாடிவிட வேண்டும் என்று வந்தவர்களின் வரிசை நீண்டிருந்தது.

ஜனவரி 18 – திருவையாறு

தியாகராஜர் 1847-இல் சமாதியடைந்த திதி இது. அவருடைய சமாதி கவனிப்பாரற்றுக் கிடந்த காலத்தில், பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் செல்வத்தைக் கொண்டு அங்கே கோயில் எழுப்பினார். பெண்கள் அங்கே பாடக் கூடாது என்று இருந்த நிலையையும் எதிர்த்து நின்று மாற்றினார். இன்று காலை பஞ்சரத்தினம் பாட அமர்ந்தவர்களில் பெண்கள் பாதிக்கு மேல் இருந்ததைப் பார்த்தபோது, சமாதியை நோக்கிக் கைகூப்பிய நிலையில் அமைந்திருக்கும் அந்த அம்மையாரின் சிலையையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் தியாகராஜர் வாழ்ந்த வீட்டிலிருந்து வீதியில் பாடி அரிசி பெறும் உஞ்சவிருத்தி பஜனை புறப்பட்டு வந்தது. பந்தலில் மங்கள இசை தொடங்கியது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்களையும் நூற்றுக்கணக்கானோர் ஒரே குரலில் பாடுவதைக் கேட்கத்தான் பெரும்பாலோர் வருகிறார்கள். அவர்கள் தத்தம் இடங்களில் அமர்ந்து, சுருதிப் பெட்டியைத் திறந்து, புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும் நேரமே நாயனத்துக்குக் கிடைக்கிறது. அந்தச் சலசலப்புக்கு நடுவே, மூத்த நாயனக்காரர் தோடியை எடுத்தார். தாரஸ்தாயி காந்தாரத்தில் அவர் நின்றபோது, முன்வரிசையில் இருந்த பாடகி ஒருவர் தம் பேச்சை நிறுத்திக் கண்களை மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்களும் அமைதியானார்கள். பின்வரிசைகளில் பேச்சு தொடர்ந்தது.

இந்த விழாவின்மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. அதனாலேயே ஒரு வேண்டுகோளையும் முன்வைக்கிறேன். ஐந்து நாள் விழாவில், நாயனத்துக்கும் தவிலுக்கும் ஓர் இரவை முழுமையாக ஒதுக்கி, மேடையில் அல்லாமல் காவிரிக் கரைத் தெருவில், மல்லாரியில் தொடங்கி ரக்தி, பல்லவி என்று முறையாக ஓர் ஊர்வலத்தை நடத்தலாம். தியாகராஜர் நடந்த அதே தெருவில் அதைக் கேட்க வருபவர்கள் குறையமாட்டார்கள்.

வாசித்து முடித்தவர்கள் பந்தலுக்குப் பின்னே வாத்தியங்களை உறையில் இட்டுக்கொண்டிருந்தபோது, தோடி வாசித்தவரிடம் போய் என் மகிழ்ச்சியைச் சொன்னேன். சிதம்பரத்தில் தேரோடு நடந்து வந்த கதையையும் சொன்னேன். நரசிங்கம்பேட்டையில் திமிரியைக் கேட்டதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"எங்க தாத்தா திமிரிதாங்க வாசிச்சாரு. நமக்கு அந்த மூச்சு கெடையாது" என்றவர், சற்று யோசித்துவிட்டு, "பங்குனில திருவாரூர் ஆழித்தேருக்கு வாங்க ஐயா. அங்க வீதி பெருசு. நின்னு நிதானமா வாசிக்கலாம். ராத்திரி புறப்பாட்டுக்கும் இருங்க, அப்பத்தான் கூட்டம் கொறையும், ராகம் நல்லா நடக்கும்" என்றார். என்ன ராகம் என்று நான் கேட்கவில்லை. சுவாமி எந்த வீதியில் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதைப் பொறுத்துத்தானே அது இருக்கும். தை முகூர்த்தக் கல்யாணம் ஒன்றுக்காக அவர்களுடைய வேன் மன்னார்குடிக்குக் கிளம்பியது. நான் தஞ்சாவூர்ப் பேருந்தில் ஏறி, பங்குனிக்கான விடுதியை வழியிலேயே பதிவுசெய்துவிட்டேன்.